அடியில் ஒரு வைக்கோல் இல்லை

“அந்த வண்டிய எங்களுக்குக் குடுங்க” என்றேன்.

பெரிய வீட்டுச் சிங்காரவேலு வாய்க்குக் கொண்டுபோன காபி டம்ளர் பாதியில் நின்றது. என் பக்கத்தில் நின்ற அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளங்கையில் சுருட்ட ஆரம்பித்தார். எங்கள் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளையும் அந்த வீட்டு வாசலில் நின்று சொல்லக் கூடாத சொல் அது. விதைநெல் கேட்கலாம். முன்பணம் கேட்கலாம். கல்யாணத்துக்கு அண்டா குண்டான் கேட்கலாம். “எதை வேணாலும் கேளு, அந்த வூட்டு வண்டிய மட்டும் கேட்டுடாத” என்று அம்மா எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வைத்திருந்தாள்.

“சும்மா இல்ல சார், விலைக்கு. விக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டோம்.”

“சாரா!” சிங்காரவேலு சிரித்தார். அப்பாவைத்தான் பார்த்தார், என்னை அல்ல. “ஐயாவு, ஒம் பொண்ணு என்னைய ஆபீசராக்கிடுச்சேய்யா.”

“படிச்ச புள்ளைங்கய்யா. அது வாயி அப்பிடித்தான்” என்றார் அப்பா.

என் வாய் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்தேன். இப்போது தஞ்சாவூரில் ஓர் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் வேலை. அடிபட்டு வரும் கார்களுக்கு அடியில் படுத்து, எது விபத்தில் உடைந்தது, எது முன்பே உடைந்திருந்தது என்று பார்த்துச் சொல்வேன். வண்டிகள் பொய் சொல்லாது. வண்டிக்காரர்கள் சொல்வார்கள்.

நான் கேட்ட வண்டி வெள்ளை எட்டியோஸ். டீசல். மாலை போட்டு அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை ஓட்டியவர் அப்பாதான். போன தீபாவளிக்கு, சிங்கப்பூரில் இருக்கும் மகன் தமிழரசன், தகப்பனுக்கு யானை மாதிரி ஒரு புது வண்டி வாங்கிக் கொடுத்தான். அதற்கு கியர் போட வேண்டாம், மருமகளே ஓட்டிவிடுகிறாள். டிரைவர் வேலை அத்தோடு முடிந்தது. “வந்து போய்க்கிட்டு இரு ஐயாவு” என்றார்கள். அப்பாவும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். வெள்ளை வண்டியின் பேட்டரி செத்துப்போகக் கூடாது என்று, கூலி இல்லாமல், கிழமை தவறாமல் போய் ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டு வந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்குக் கார் தேவைப்பட்டது. நடவு நட்டு நட்டு அம்மாவின் முட்டி தேய்ந்துவிட்டது. பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. தங்கை மதிவதனியைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், அம்மாவைக் கும்பகோணத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். லோன் போட்டுவிட்டேன். புது வண்டி நம் கைக்கு எட்டாது. பழசுதான். ஆனால் நம்மை வழியில் இறக்கிவிடாத பழசு. உட்கார்ந்து எழுந்திருக்க வசதியாக இருக்க வேண்டும், டிக்கி பெரிதாக இருக்க வேண்டும், உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்க வேண்டும். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், சோறு வடித்துக்கொண்டே, வேடிக்கை போல.

“ரேஷன் கார்டத் தவிர எம் பேரு எதுலயும் இல்ல. கார எம் பேருல வாங்கேன். அம்சம்னு எழுதியிருந்தா வண்டி ஓடாதா?”

“ஓடும்மா” என்றேன். வேடிக்கை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். நான் அப்படி நினைக்கவில்லை.

தேடினோம். பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரியின் கறுப்பு வண்டி. தோல் சீட்டு, டேஷ்போர்டில் டிவி மாதிரி ஒரு திரை. அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அடியில் படுத்தேன். டெல்டாவில் கார் வாங்க வருகிறவர்கள் முதலில் பானட்டைத் திறக்கக் கூடாது, அடியில் பார்க்க வேண்டும். அறுப்பு நேரத்தில் எங்கள் ரோடெல்லாம் களம்தான். நெல்லும் வைக்கோலும் அதன் மேல்தான் காயும். அதன் மேல்தான் வண்டியும் ஓடும். வைக்கோல் முன் ஆக்சிலில் கயிறு மாதிரிச் சுற்றிக்கொள்ளும். சைலன்சர் குழாயில் ஒட்டிக்கொண்டால் சூட்டில் கருகும். என்றைக்காவது ஒரு நாள் பற்றிக்கொள்ளும். அந்தக் கறுப்பு வண்டிக்கு அடியில் தூக்கணாங்குருவிக் கூடு அளவுக்குக் கருகிய வைக்கோல் இருந்தது.

“அதெல்லாம் நம்ம ஊருல சகஜந்தானம்மா” என்றார் வியாபாரி.

“எரியறதும் சகஜமா?” என்றேன். அப்பா என்னை இழுத்துக்கொண்டு வந்தார்.

தஞ்சாவூரில் ஒரு பழைய கார் கடையில் இன்னொன்று. பளபளவென்று இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடந்த பகுதி முழுக்கக் காய்ந்த வண்டல். எங்கேயோ வெள்ளத்தில் கழுத்து வரை நின்ற வண்டி. விற்கிறவன் ஸ்டியரிங்கைத் துடைத்திருந்தான், பெல்ட்டைத் துடைக்கவில்லை.

மூன்றாவது தாராசுரத்தில். செந்தாமரை என்று ஒரு ரிட்டயர்டு நர்ஸ். அதுவும் எட்டியோஸ்தான், சாம்பல் நிறம். வெயிலில் நின்று நின்று பானட் வெளிறிப்போயிருந்தது, பின்கதவில் ஒரு பள்ளம். நான் கேட்கும் முன்பே அந்த அம்மாள் சொன்னார்: “இந்தப் பள்ளம் நான் கேட்ல இடிச்சது. அந்தக் கோடு எந்தம்பி இழுத்தது. ஸ்டெப்னி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது, நீயே பாரு.” என்ஜின் முதல் சாவிக்கே எழுந்தது. அடியில் வைக்கோல் இருந்தது, ஆனால் புதுசு, கருகாதது. “நான் படுத்தா எந்திரிக்க முடியாதும்மா” என்று சிரித்தார். என்றைக்கு வந்தாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். அதையே முடித்திருக்கலாம். அப்பாதான் பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வண்டி நல்ல வண்டிதான். ஆனா நம்ம வண்டி ஒண்ணு சும்மா நிக்கிதே புள்ள.”

“எது நம்ம வண்டி?”

அவர் பஸ் டிக்கெட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார். ‘நம்ம வண்டி’ என்ற அந்த வார்த்தைக்காகத்தான் இன்றைக்கு இந்த வாசலில் வந்து நின்றேன்.

“சாவியக் குடுங்க சார். அடியில பாக்கணும், ஓட்டியும் பாக்கணும்.”

“ஒங்கப்பன் பாக்காததையா நீ பாக்கப் போற?”

“அவரு ஓட்டுனவரு. நான் வாங்குறவ.”

சிங்காரவேலுவுக்கு அது பிடித்திருந்தது போல. வாய் விட்டுச் சிரித்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். யாரையும் அடித்ததில்லை, கூலியைப் பிடித்ததில்லை. அவரைக் கோபித்துக்கொள்வதற்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருக்கும்.

ஷெட்டில் அப்பாவின் சாக்கு மூலையில் மடித்து வைத்திருந்தது. அவர் வண்டிக்கு அடியில் படுக்கும் சாக்கு. அதை விரித்துப் படுத்தேன். செல்போன் வெளிச்சத்தை அடித்தேன்.

ஒரு வைக்கோல் இல்லை.

ஆக்சிலில் இல்லை, குழாயில் இல்லை, நட்டு இடுக்கில்கூட இல்லை. இத்தனை சம்பா, இத்தனை குறுவை பார்த்த வண்டி. ரப்பர் உறைகள் வெடிக்காமல் இருந்தன. துரு வரக்கூடிய ஓரங்களிலெல்லாம் கறுப்புப் பூச்சு பூசியிருந்தது, கம்பெனி பூசியது இல்லை, பிரஷ்ஷால் கையில் பூசியது. பிரஷ்ஷின் தடம் தெரிந்தது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் ஒன்று மட்டும் புதிது. மற்றவை தேய்ந்திருந்தன, ஆனால் எல்லாம் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன. என் வேலையில் எத்தனையோ வண்டிகளின் வயிற்றைப் பார்த்திருக்கிறேன். பெரிய டாக்டர்கள் வண்டி, கம்பெனி வண்டி, மந்திரி சொந்தக்காரன் வண்டி. இப்படி ஒரு வயிற்றைப் பார்த்ததில்லை. இதைப் பார்க்கும் ஆள் யாரும் இல்லை என்று தெரிந்தே ஒருவர் இவ்வளவும் செய்திருக்கிறார்.

வெளியே வந்தபோது அப்பா பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பையன் மாதிரி நின்றார்.

“என்னா புள்ள?”

“நல்லாருக்குப்பா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

“பின்னாடி உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்றேன்.

“பின்னாடியா?” அப்பா திடுக்கிட்டுப்போய் முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பின்சீட்டைத் துடைத்திருக்கிறார், உதறியிருக்கிறார். உட்கார்ந்ததில்லை.

கதவைச் சாத்தினேன். கனமான சத்தம். நெல் மூட்டையை இறக்கி வைத்தது போல. சாவியைத் திருப்பியதும் என்ஜின் எழுந்தது, கொஞ்சம் கரகரவென்று டீசலுக்கே உரிய குரலில், ஆனால் நடுக்கம் இல்லை. வீரசோழன் ஆற்றுக் கரையோரம் விட்டேன். கரை ரோடு மழைக்குப் பிறகு பல்லாங்குழி. பள்ளத்தில் இறங்கும்போது வண்டி குலுங்கியது, முனகவில்லை. பிரேக்கை அமுக்கினால் நேராக நின்றது, இடமோ வலமோ இழுக்கவில்லை. இது அழகான வண்டி இல்லை. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேகம் காட்டும் முள்கூட டேஷ்போர்டின் நடுவில் இருக்கும், சுவர்க்கடிகாரம் மாதிரி. ஓட்டுகிறவனுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் எவ்வளவு வேகம் என்று தெரியும். “மெதுவாப் போடீ” என்று அம்மா சொல்ல இதைவிட வசதியான கார் இல்லை. சொன்ன வேலையைச் செய்யும், சொல்லாத சத்தம் போடாது. எனக்கு அந்த மாதிரி மனிதர்களையும் பிடிக்கும்.

“ரெண்டாவதுல போட்டு மேட்ட ஏறு” என்றார் அப்பா. “அதுக்குப் பிடிக்கும்.”

ஏறினேன். பிடித்துத்தான் இருந்தது அதற்கு. மதகின் மேல் நிறுத்தினேன்.

“மதி பொறந்தன்னைக்கு இந்தச் சாவி எங்கப்பா இருந்துச்சு?”

அவருக்குத் தெரியும் நான் எங்கே வருகிறேன் என்று. “இடுப்புலதான்” என்றார், ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு நடவு. நல்ல மத்தியானம். அம்மாவுக்கு வயலிலேயே வலி கண்டுவிட்டது. அப்பா இந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேதி வந்ததும் வண்டியைக் கேட்க உள்ளே ஓடினார். சிங்காரவேலு ஐயா சாப்பிட்டுப் படுத்திருந்தார். தூங்குகிறவரை எழுப்பி யாரும் எதையும் கேட்டதில்லை. அப்பா இடுப்பில் சாவியோடு ரேழியில் நின்றார், அவர் கண் விழிக்கட்டும் என்று. அம்மா வைக்கோல் ஏற்றிக்கொண்டு போன ஒரு குட்டியானை வேனின் பின்னால், வைக்கோல் மேலேயே படுத்துக் கும்பகோணம் போனாள். மதிவதனி ஆஸ்பத்திரி வாசலில், ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் பிறந்தாள். அவள் முடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது என்று பெரியம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். நான் சிரித்ததில்லை.

“எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?”

“எடுத்திருக்கலாம்.” துண்டால் டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டே, “தோணல புள்ள. நெசமாவே தோணல” என்றார்.

வண்டியைத் திருப்பினேன். மனதில் முடிவு செய்துவிட்டேன். இதுதான் வண்டி. இந்தச் சீட்டில்தான் அம்மா உட்கார வேண்டும், அன்றைக்குப் போக வேண்டிய அதே ரோட்டில், அவள் பெயர் போட்ட வண்டியில்.

வாசலில் இப்போது குந்தவை அம்மாளும் வந்து உட்கார்ந்திருந்தார். சிங்காரவேலுவின் மனைவி.

“என்ன, படிச்சவங்க பாஸ் போட்டாச்சா?” என்றார் சிங்காரவேலு.

“நான் பாத்த வண்டியில இதான் சார் முதல். விலையச் சொல்லுங்க. குறைக்கச் சொல்ல மாட்டேன்.”

“அட, விலை கெடக்குது. எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சப்ப குடு ஐயாவு, ஒன்னையத் தெரியாதா எனக்கு?”

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கையெடுத்துக் கும்பிடப் போனார்.

“இல்ல சார். பேங்க்ல லோன் போட்டாச்சு. முழுசா வாங்கிக்குங்க, எங்கம்மா பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க.”

“பேரா?” டம்ளரைக் கீழே வைத்தார். “பேரு எதுக்கு மாத்தணும்? அது ராசியான வண்டி பாப்பா. அது வந்த வருசந்தான் பசங்க ரெண்டு பேருக்கும் நல்லது நடந்துச்சு. விக்கலாம்னு நெனைச்சாலும் மனசு வரல, எம் பேர்லயே இருக்கட்டும். ஓட்டறது நீங்கதானே? ஊருல யாரு கேக்கப் போறா?”

“லோன் குடுக்கறவங்க கேப்பாங்க.”

“அப்ப லோன விட்டுத் தள்ளு. நாந்தான் முடிஞ்சப்ப குடுன்னுட்டேனே.”

குந்தவை அம்மாள் நல்லபடியாகத்தான் சொன்னார். “பங்குனியில குலதெய்வம் கோயிலுக்கு மட்டும் இந்த வண்டியக் கொண்டாந்துடு ஐயாவு. புது வண்டி அந்தச் சந்துக்குள்ள நுழையாது. நீ ஓட்டுனாதான் எனக்கும் தலை சுத்தாது.”

“அதுக்கென்னம்மா” என்றார் அப்பா.

யாரும் குரலை உயர்த்தவில்லை. யாரும் கெட்டது நினைக்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அப்படியே விட்டால் அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலில் நிற்கும், அப்பா துடைப்பார், நான் டீசல் போடுவேன். கூப்பிட்டால் இங்கே வந்து நிற்கும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டிய நாளும் இவர்களுக்குக் கோயில் போக வேண்டிய நாளும் ஒன்றாக வந்தால், அப்பா எங்கே வண்டியை விடுவார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கே தெரியும். அதனால்தான் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“சார், மதி பொறந்தன்னைக்கு எங்கப்பா ரேழியில நின்னாரு. நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க.”

“சுடரு” என்றார் அப்பா.

சிங்காரவேலு நெற்றியைச் சுருக்கினார். நினைவுக்கு வந்தது. “அட, எழுப்பியிருந்தா குடுத்திருப்பேனேம்மா. வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

“குடுத்திருப்பீங்க” என்றேன். அது சத்தியமான வார்த்தை. நிச்சயம் கொடுத்திருப்பார். “ஆனா எழுப்ப வேண்டியிருக்குல்ல சார். இனிமே யாரையும் எழுப்பாம எங்கம்மா வண்டியில ஏறணும். பேரு மாத்தறதா இருந்தா சொல்லுங்க, இப்பவே முடிச்சுக்கலாம். இல்லன்னா வேணாம்.”

“ராசிங்கறேன், புரிஞ்சுக்க மாட்டேங்குறியே” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமான வருத்தம். “வேற எது வேணாலும் கேளு.”

சாவி என் கையில் இருந்தது. தேய்ந்து வழவழத்த சாவி. அப்பாவின் இடுப்பில் தேய்ந்தது. அதைத் திரும்பவும் ஆணியில் மாட்டினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டியை வேண்டாம் என்று சொன்னது எனக்கு லேசாக இல்லை. இனி எத்தனை வண்டி வாங்கினாலும் அதைப் போல ஒன்று வராது என்று நினைத்தேன். பிறகுதான் ஷெட்டில் விரித்தபடி கிடந்த சாக்கு கண்ணில் பட்டது. புதுசாக வந்தபோது தாராசுரத்து வண்டியும் இதுவும் ஒரே மாதிரித்தானே வந்திருக்கும்? ஒரே கம்பெனி, ஒரே என்ஜின், ஒரே இரும்பு. இதற்கு அடியில் ஒரு ஆள் படுத்தார், அதற்கு அடியில் யாரும் படுக்கவில்லை. அவ்வளவுதானே வித்தியாசம்.

“அந்த வண்டிய நல்லாப் பாத்துக்குங்க சார்” என்றேன். “அறுப்பு நேரத்துல ஓட்டிட்டு வந்தா அன்னன்னைக்கே அடியில பாக்கணும். இனிமே யாராவது படுக்கணும்.”

“யாரு படுப்பா?” என்றார் குந்தவை அம்மாள், யாரிடம் என்று இல்லாமல்.

நான் நடந்தேன். சாதாரணமாக எங்கள் ஆட்கள் ஷெட் பக்கமாகச் சுற்றி வாய்க்கால் வழியாகத்தான் வெளியே போவார்கள். அப்பா இன்றைக்கும் என்னை அப்படித்தான் கூட்டி வந்திருந்தார். நான் நேரே கோலத்தைத் தாண்டி முன் கேட்டுக்குப் போனேன். அப்பா வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவர் இருந்தாலும் இருக்கட்டும். முடிவு முடிவுதான். செல்போனை எடுத்துத் தாராசுரத்து எண்ணைத் தேடினேன்.

பின்னால் ஷெட்டில் சாக்கை உதறும் சத்தம் கேட்டது. படபடவென்று இரண்டு உதறல். அப்புறம் அவர் செருப்புச் சத்தம். ஷெட் பக்கமாகச் சுற்றிப் போகவில்லை, என் பின்னாலேயே வந்தது.

“ஐயாவு!” என்று வாசலிலிருந்து கூப்பிட்டார் சிங்காரவேலு.

“வரேங்கய்யா” என்றார் அப்பா, நடையை நிறுத்தாமல்.

ரோட்டில் யாரோ நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓரமாக மிதிக்காமல் நடந்தேன். அப்பா என்னை எட்டிப் பிடித்தார். அக்குளில் சாக்கு, மடித்தபடி. மூச்சு வாங்கியது அவருக்கு.

“ஏன் புள்ள” என்றார். “அந்த நர்சம்மா வண்டியில ஸ்டெப்னி எப்புடி இருந்துச்சு?”

“காத்து இல்லப்பா. டயர் நல்லாருக்கு.”

“கதவுப் பள்ளத்தத் தட்டி எடுத்துடலாம். அடியிலதான் நெறைய வேலை இருக்கும்” என்றார், சாக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு.

பஸ் வரும் சத்தம் கேட்டது. நான் நடையை எட்டிப் போட்டேன்.